புயலுக்குப் பிறகு: வடசென்னைக் குப்பங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் என்று இந்தக் கரை முழுக்கப் புயல் ஓய்ந்ததும் எழுகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். படகு, இன்ஜின், வலை, கூரை, தண்ணீர், நிவாரணம், மனை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். அவசரமானவை முதலில், யோசித்துச் செய்ய வேண்டியவை பின்னால்.

புயல் கரையைக் கடந்துடுச்சுன்னு டிவியில சொல்லிட்டாங்க, காத்தும் நின்னுடுச்சு. இப்போ போய் போட்டைப் பார்த்துட்டு வரலாமா?

காற்று சட்டென்று நின்றால் நம்பாதீர்கள். புயலின் கண் தலைக்கு மேல் வரும்போதும் இப்படித்தான் அடங்கும். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை மேலேயே ஏறியபோது இதுதான் நடந்தது. முதல் பாதியில் வடக்கிலிருந்து காற்று, நடுவில் ஓய்வு, பின்பாதியில் தெற்கிலிருந்து காற்று. வடக்குக் காற்றுக்கு மட்டும் இறுக்கிக் கட்டிய படகு, காற்று திரும்பியதும் பக்கத்துப் படகில் போய் மோதும். அந்த இடைவெளியில் கயிறு மாற்றப் போகிறவர் இரண்டு படகுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வார்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டை இறக்கிவிட்டார்களா என்று பாருங்கள். மீன்வளத்துறையின் தடை அறிவிப்பு விலகும் வரை கடலில் இறங்கக் கூடாது. கரையில் அலை அடங்க, காற்று நின்றபின் இன்னும் ஒரு நாளாவது ஆகும்.

6ஆம் நம்பர் கூண்டுன்னா 5ஐ விட மோசமா?

இல்லை. 1, 2 என்றால் தூரத்தில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே வானிலை கெடப் போகிறது. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைத்தான் எண் சொல்கிறது. 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகில். 8, 9, 10 இதே கணக்கில் பெரும் அபாயம். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

முதல்ல சுத்தம் பண்ணட்டுமா, போட்டோ எடுக்கட்டுமா?

போட்டோ. அதன் பிறகுதான் கயிறை அறுப்பதும் சேற்றை வாருவதும். பாதி நிவாரண மனுக்கள் சிக்கலாவது இங்கேதான். அதிகாரி வருவதற்குள் எல்லாம் அள்ளிக் கொட்டப்பட்டிருக்கும்.

படகென்றால் நான்கு பக்கமும் எடுங்கள். பதிவு எண் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று, சேதம் தெரியும் படம் கையெட்டும் தூரத்தில் ஒன்று, சேதமும் எண்ணும் ஒரே சட்டத்தில் வரும் படம் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வெறும் ஓட்டையை மட்டும் எடுத்தால் அது யாருடைய படகு என்று கேட்பார்கள். இன்ஜின் சீரியல் நம்பர் தகட்டையும் எடுங்கள். வலையை விரித்துப் போட்டு, பக்கத்தில் ஒரு ஆளை நிற்க வைத்து எடுத்தால் நீளம் புரியும். வீட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரியும்போதே எடுங்கள், இரண்டு நாளில் காய்ந்து மறைந்துவிடும். எல்லாப் படங்களையும் ஊரில் இல்லாத சொந்தக்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். போன் நனைந்து போனாலும் படங்கள் மிஞ்சும்.

தெருவுல கரண்ட் வந்துடுச்சு. மெயின் போடலாமா?

மீட்டர் பெட்டியோ ஸ்விட்ச் போர்டோ தண்ணீரில் மூழ்கியிருந்தால் கூடாது. எலக்ட்ரீசியனை வைத்து வயரிங்கின் இன்சுலேஷனை மெகர் என்ற சோதனைக் கருவி கொண்டு பார்த்த பிறகே போட வேண்டும். உப்புத் தண்ணீர் ஏறிய பிளக் பாயின்ட்டைக் காயவைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள். ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே நிற்கும், அடுத்த மழை ஈரத்தில் கசியும். 50, 100 ரூபாய்ச் சாமான், மாற்றிவிடுங்கள். தெருவில் அறுந்து கிடக்கும் கம்பிக்கு மின்னகம் எண் 94987 94987. மரம் விழுந்தது, சாக்கடை பொங்கியது என்றால் மாநகராட்சியின் 1913.

சம்ப்புல வெள்ளத் தண்ணி கலந்துடுச்சு. பிளீச்சிங் பவுடர் எவ்ளோ போடணும்?

முதலில் முழுவதும் இறைத்து, அடியில் படிந்த சேற்றை வாரிவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சேறு இருக்கும்போது பவுடரைக் கொட்டினால் குளோரின் அந்தச் சேற்றிலேயே செலவாகிப் போகும். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடர். ஒரு பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். 12 மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு மறுபடி நிரப்புங்கள். இது தொட்டியைச் சுத்தம் செய்யும் அளவு, குடிக்கும் தண்ணீருக்கான அளவு அல்ல.

திறந்து போட்டுப் பல மாதமான பவுடரில் மணம் இருக்கும், வீரியம் இருக்காது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், அல்லது சுகாதார ஊழியர் தரும் குளோரின் மாத்திரையை அட்டையில் எழுதியிருக்கும் அளவுக்குப் போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

சேத்துல நின்னு வேலை செஞ்சோம். காய்ச்சல் வந்தா சாதாரண காய்ச்சல்தானே?

எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த வெள்ளநீர், காலில் இருக்கும் வெடிப்பு வழியாக ஏறும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு இருந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல், வெள்ளத்தில் நின்றதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். நாள்கணக்கில் சேற்றில் வேலை செய்பவர்களுக்குத் தடுப்பாக டாக்ஸிசைக்ளின் தருவார்கள். யாருக்குத் தரலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தாங்களாகச் சாப்பிடக் கூடாது. ஆணி, தகரம் கிழித்திருந்தால் டிடி ஊசி.

அவுட்போர்டு இன்ஜின் கடல் தண்ணியில முங்கிடுச்சு. மெக்கானிக் நாலு நாள் கழிச்சுதான் வருவாராம். வெயில்ல காய வைக்கட்டுமா?

காய வைத்தால்தான் கெடும். தண்ணீருக்குள் இருக்கும் வரை துரு மெதுவாகப் பிடிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் சில மணி நேரத்தில் பேரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் வேலையைக் காட்டிவிடும். அன்றைக்கே பிரிக்க ஆள் இல்லையென்றால், டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி இன்ஜின் தலையை முழுதாக முக்கி வையுங்கள். கேட்க விசித்திரமாக இருந்தாலும் இன்ஜினைக் காப்பாற்றுகிற வழி அதுதான்.

நீங்களே செய்வதாக இருந்தால்: மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் உப்பும் மணலும் போகக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் வெளியே வரும். கரகரவென்று இழுத்தாலோ பாதியில் நின்றாலோ அதற்கு மேல் சுற்றாதீர்கள், உள்ளே மணல் இருக்கிறது அல்லது ராடு வளைந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தபோது முங்கிய இன்ஜினில் ராடு வளைவது சகஜம். தடையில்லாமல் சுற்றினால் பிளக் ஓட்டை வழியாகவும் கார்புரேட்டர் வாய் வழியாகவும் ஆயில் விட்டுச் சுற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தையும் எரிபொருள் டேங்கையும் காலி செய்து, புது எரிபொருள், புது பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்துவிட்டால் அரை மணி நேரமாவது ஓட விட வேண்டும், உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் அந்தச் சூட்டில்தான் போகும். கீழே கியர் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

லாஞ்ச் இன்ஜின், லாங்டெயில் டீசல் இன்ஜினுக்கும் இதே முறைதானா?

அடிப்படை அதேதான். ஆனால் டீசலில் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டரில் இருக்கும் தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் சம்ப்பின் அடிப்பிளக்கைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், பிறகுதான் ஆயில். புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். அப்போதும் வெள்ளையாக இருந்தால் மூன்றாவது முறையும் மாற்ற வேண்டும். முதல் இரண்டு முறைக்கு விலை குறைந்த ஆயில் போதும், கழுவத்தான் அது. டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும், அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால் பம்ப்பும் இன்ஜெக்டரும் போய்விடும். அந்தச் செலவில் ஒரு நல்ல வலை வாங்கலாம்.

ஃபைபர் போட்டுல ஒரு அடி அகலத்துக்கு ஓட்டை. எம்சீல் வெச்சு அடைச்சா ஓடுமா?

ஓடாது. பட்டியோ எம்சீலோ இடைவெளியை நிரப்புமே தவிர, பலம் தராது. அலையில் படகின் உடம்பு வளைந்து கொடுக்கும்போது மொத்தமாகப் பிய்ந்து விழும். கண்ணாடி இழை மேட்டும் ரெசின் பிசினும் போட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

முதலில் ஓட்டையைச் சுற்றி நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இடம். பொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் விட்டுப்போயிருக்கின்றன, அந்த இடம் வரை வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, முழுதாகக் காயவைத்து, கிரைண்டரால் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிப்பைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு. உடம்பு 8 மில்லிமீட்டர் தடிப்பென்றால் சுற்றிலும் 10 சென்டிமீட்டர். பலர் இரண்டு விரல் அகலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒட்டுப்போட்ட இடம் ஆறு மாதத்தில் விளிம்போடு கிளம்புவது இதனால்தான்.

சரக்குக் கணக்கு: சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு காய்ந்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டருக்கு 8 அடுக்கு. ஒரு அடி ஓட்டைக்குச் சரிவையும் சேர்த்து வெளி அளவு அரை மீட்டர் வரும். சிறிய அடுக்கு முதல் பெரிய அடுக்கு வரை சராசரியாக 40 சென்டிமீட்டர் சதுரம் என்று வைத்தால் மேட் சுமார் 600 கிராம். ரெசின் அதைப் போல இரண்டரை மடங்கு, அதாவது ஒன்றரை கிலோ. பிரஷ், டப்பாவில் வீணாவதையும் சேர்த்து 2 கிலோ வாங்குங்கள். நாலு அடுக்குப் போட்டதும் நிறுத்தி, சூடு தணிந்த பிறகு மீதியைப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கினால் உள்ளே சூடேறி வெந்து வெடிப்பு விடும். ஒவ்வொரு அடுக்கிலும் உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றுங்கள்.

ஹார்ட்னரும் கோபால்ட்டும் சேர்த்துக் கலக்கினா சீக்கிரம் வேலை முடியுமே?

வேலையோடு முகமும் முடிந்துவிடும். கோபால்ட் ஆக்ஸிலரேட்டரும் எம்.இ.கே.பி. என்கிற ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். மேட் வெட்டி, பிரஷ் எடுத்து எல்லாம் தயாரான பிறகு ஹார்ட்னரை ஊற்றுங்கள். இரண்டையும் ஒரே அளவுக் குப்பியால் அளக்காதீர்கள், ஒரே பையில் வைக்காதீர்கள். கடையில் வாங்கும் ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல ரெசின்களில் இருக்கும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும், கண்ணாடி மாட்டாமல் தொட வேண்டாம்.

ஒட்டுப் போட்டு ரெண்டு நாளாச்சு, இன்னும் பிசுபிசுன்னே இருக்கு. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஹார்ட்னர் குறைந்திருக்கும்: 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வேண்டும், மழை நாளில் மேல் அளவை ஒட்டிப் போடுங்கள், அதற்கும் மேலே போகாதீர்கள். ஈரம் இருந்திருக்கும்: டிசம்பர் காற்றில் படகைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், மேலே தார்ப்பாய் கட்டி ஒரு நாள் பல்பு சூடு காட்டினால்தான் நிஜமாகக் காயும். மூன்றாவது, மேல்பூச்சு ஜெல்கோட் என்றால் காற்றுப் படும் பக்கம் பிசுபிசுப்பாகவே நிற்பது அதன் குணம். மெழுகுக் கரைசல் கலந்தோ மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியோ காயவைப்பார்கள். நகத்தால் அழுத்தினால் உள்ளே கல்லாக இருந்து மேலே மட்டும் ஒட்டினால் பயமில்லை. உள்ளேயும் குழைந்தால் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். மேலே இன்னொரு அடுக்குப் போட்டு மறைத்தால் கடலில் தெரிந்துவிடும்.

வலை முழுக்க எண்ணெய் அப்பிக்கிச்சு. மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தபோது எல்லோரும் கேட்ட கேள்வி இது. மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் கறையைக் கரைக்கும்தான். ஆனால் மிதவைக் கட்டைகள் ஊதிப்போகும், கையில் புண் வரும், கழுவிய தண்ணீர் மறுபடி அதே ஆற்றில்தான் போய்ச் சேரும். லேசான பூச்சென்றால் சுடுதண்ணீரில் சோப்பு எண்ணெய் கலந்து ஊறவைத்து, தொட்டியில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். தார் மாதிரி கட்டியாக ஒட்டிய நரம்பு வலையை மீட்கச் செலவாகும் உழைப்புக்குக் கணக்குப் பார்த்தால் புது வலையே மேல். ஈயக்குண்டையும் ரோப்பையும் மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட வலையைக் கணக்கெடுப்பு முடியும் முன் தூக்கிப் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.

அந்த முறை அரசு தனியாக நிவாரணம் அறிவித்தது: பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்யப் படகொன்றுக்கு 10,000. இது புயல் நிவாரணத்தோடு சேராத கணக்கு. எண்ணெய்ச் சேதத்துக்குத் தனி மனு, தனிப் படம் வைத்துக்கொள்வது நல்லது.

போட்டு போச்சுன்னா கவர்மென்ட் எவ்ளோ தரும்?

தொகை புயலுக்குப் புயல் அரசாணையில்தான் வரும். அளவு தெரிய மிக்ஜாமுக்குப் பிறகு அறிவித்ததைப் பாருங்கள். முழுதாகச் சேதமான வல்லத்துக்கு வலையோடு சேர்த்து 50,000 ரூபாய், பகுதிச் சேதத்துக்கு 15,000, வலைக்கு மட்டும் 15,000. முழுதாகச் சேதமான விசைப்படகுக்கு மானியம் அதிகபட்சம் ஏழரை லட்சம். சேதமான குடிசைக்கு 8,000. இதைத் தவிர ரேஷன் கடையில் குடும்பத்துக்கு 6,000.

ஒரு ஃபைபர் படகை இன்ஜினோடு புதிதாக இறக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். நிவாரணம் இழப்பீடு அல்ல, மறுபடி தொழிலில் இறங்க ஒரு கை கொடுப்பது என்ற அளவிலேயே தொகையை வைக்கிறார்கள். மிச்சத்துக்குக் கடன்தான். வட்டிக்காரரிடமோ, பிடித்த மீனைத் தன்னிடமே போட வேண்டும் என்று முன்பணம் தரும் ஏலக்காரரிடமோ வாங்கும் முன் கூட்டுறவுச் சங்கத்தைக் கேளுங்கள். ஏலக்காரர் கடனில் வட்டி கண்ணுக்குத் தெரியாது, மீன் விலையில் கழியும்.

போட்டு மாமா பேர்ல இருக்கு, நான்தான் ஓட்டறேன். எனக்குக் கிடைக்குமா?

பதிவுச் சான்றில் யார் பெயரோ அவருக்குத்தான். பெயர் மாற்றாமல் கைமாறிய படகுகளில் சண்டை வருவது இந்த இடத்தில்தான். விற்றவர் கணக்கில் பணம் ஏறிவிடும். மாமா இருந்தால் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு இப்போதே எழுதிக்கொடுங்கள். அடுத்த புயலுக்காவது உதவும். பதிவே இல்லாத படகுக்கு ஊர்ப் பஞ்சாயத்துக் கடிதம் ஆதாரமாக நிற்பதில்லை. கூட வேலை செய்பவர்களுக்குப் படகுத் தொகையில் பங்கு கிடையாது, ஆனால் மீனவர் அடையாள அட்டை இருந்தால் குடும்ப நிவாரணத்துக்குத் தனியாகத் தகுதி உண்டு. சான்றுகள் வெள்ளத்தில் போயிருந்தால் பயப்பட வேண்டாம், பதிவு விவரம் அலுவலகத்தில் இருக்கும். படகு எண்ணைச் சொன்னால் நகல் எடுக்கலாம். எண் உங்கள் போட்டோவிலேயே இருக்கும்.

மீன் விக்கிற பொம்பளைங்க நாங்க. ஐஸ் பெட்டி, தராசு, கருவாடு எல்லாம் போச்சு. எங்களுக்கு எந்த லிஸ்ட்லயும் பேர் இல்லையே அக்கா?

உண்மைதான். கணக்கெடுப்புப் படிவம் படகு, வலை, வீடு என்று போகிறது, கூடைக்கும் ஐஸ் பெட்டிக்கும் அதில் கட்டம் இல்லை. கடலுக்குப் போகிற ஆளில்லாத வீடுகள் இதில்தான் அடிபடுகின்றன. தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிட, ஒரே மார்க்கெட்டில் விற்கும் பெண்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். பெயர், அடையாள அட்டை எண், விற்கும் இடம், போன பொருள், அதன் விலை என்று பட்டியல் போட்டு ஒன்றை மீன்வளத்துறைக்கும் ஒன்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாங்காவிட்டால் மனு கொடுத்ததற்கே சாட்சியில்லை. நனைந்த கருவாட்டை மறுபடி காயவைத்து விற்க நினைக்க வேண்டாம், வெள்ளத்தில் வந்தது என்னவெல்லாம் என்று உங்களுக்கே தெரியும்.

ஷீட்டுக் கூரை பறந்துடுச்சு. மேல மணல் மூட்டை, டயர் வெச்சா நிக்குமா?

காற்று கூரையை அமுக்குவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதிலும் நாலு மூலையும் விளிம்பும் முகடும்தான் முதலில் கிளம்பும். சென்னைக்குக் கட்டட வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மூட்டை கூரையைப் பிடித்து நிறுத்தாது, யார் தலையிலாவது விழும்.

சிமென்ட் ஷீட்டானால் அதைத் தாங்கும் குறுக்குக் கைமரங்களுக்கு இடையே 1.4 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், மூலையிலும் விளிம்பிலும் இன்னும் நெருக்கமாக. 8 மில்லிமீட்டர் ஜே போல்ட், கீழே தார் வாஷர், மேலே தகர வாஷர். ஓட்டையை அலையின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். ஆணியால் குத்தி ஓட்டை போடுவது கூடவே கூடாது, அங்கிருந்துதான் விரிசல் ஓடும். ஷீட்டைக் கைமரத்தோடு இறுக்கிவிட்டு, கைமரத்தைச் சுவரோடு கட்டாமல் விட்டால் மொத்தக் கூரையும் சேர்ந்து கிளம்பும். சுவரின் தலையில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் ஓட்டி, அதில் பதித்த கம்பியால் கைமரத்தைப் பிணைக்க வேண்டும். வாசலில் நிழலுக்காக நீட்டும் ஷீட்டைத் தனிக் கூரையாகப் போடுங்கள், அது போனாலும் வீட்டுக் கூரை நிற்கும். உடைந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளை நனைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

தண்ணி வடிஞ்ச பிறகு சுவத்துல வெள்ளையா பூக்குது. பெயின்ட் அடிச்சா போயிடுமா?

அது கடலுப்பு. உள்ளே ஈரம் இருக்கும் வரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், பெயின்டையும் சேர்த்து உதிர்க்கும். காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி உள்ளே போகும். கோடை முழுக்கக் காயவிட்டு, உதிரும் பூச்சை மட்டும் கொத்திவிட்டுப் பூசுங்கள். கலவைக்குக் கரை மணலை அள்ளாதீர்கள். அதிலிருக்கும் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு ஊதிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பத்து வருடத்தில் சீலிங் பெயர்ந்து விழும் குப்பத்து வீடுகளில் பெரும்பாலும் கோளாறு இதுதான்.

மழை நின்னு ரெண்டு நாளாச்சு, எங்க பக்கம் மட்டும் ஏன் தண்ணி ஏறுது?

மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் வரும் கேள்வி இது. பூண்டி ஏரியில் திறந்துவிடும் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் ஓடி எண்ணூரில்தான் கடலில் சேர வேண்டும். அது வந்து சேர நேரமாகும், அதனால் மழை நின்ற பிறகு ஏறும். வெளியேறும் வாய் மணல் திட்டால் குறுகியிருந்தாலோ புயலில் கடல் மட்டம் உயர்ந்திருந்தாலோ ஆறு பின்னுக்குத் தேங்கும். மழை அறிவிப்போடு பூண்டித் திறப்பு அறிவிப்பையும் கவனியுங்கள். முகத்துவாரத்தைத் தூர்வாருவது மீனவர்களின் படகுப் பாதைக்கு மட்டுமான கோரிக்கை என்று பேசுகிறார்கள், உள்ளே இருக்கும் நகர்களின் வடிகாலும் அதுதான்.

கரையில கல்லு கொட்டிட்டாங்களே, அப்புறம் ஏன் எங்க பக்கம் அரிக்குது?

இந்தக் கரையில் வருடக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் வந்ததும் மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அரித்தது. கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவு போட்டாலும் அதே கதை சிறிய அளவில் நடக்கும்: வளைவுக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அடுத்த குப்பத்தில் அரிப்பு கூடும். கல் சுவர் அலையைத் தடுக்கும், மணலைக் கொண்டுவராது. படகை இழுத்துப் போட இடமும் போய்விடும். எனவே வளைவு கேட்கும் ஊர், வடக்கே இருக்கும் ஊரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பதுதான் முறை. தனித்தனியாகக் கேட்டால் சண்டை மிஞ்சும்.

இடிஞ்ச வீட்டை அதே இடத்துல கட்டலாமா? இல்ல போர்டு வீட்டுக்குப் போயிடலாமா?

இரண்டு விஷயம். சட்டப்படி, நகரக் கடற்கரையில் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்ட இடமுண்டு. கடல் பக்கம் புதிதாகக் கட்ட அனுமதி கிடையாது. அனுமதியுள்ள பழைய கட்டடத்தை அதே பயன்பாட்டுக்குத் திரும்பக் கட்டலாம். பட்டா இல்லாத வீட்டுக்கு நிவாரணம் வரலாம், கட்ட அனுமதி வருவது கடினம். கட்டும் முன் உங்கள் மனை கடற்கரை ஒழுங்காற்று வரைபடத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

இடம் மாறுவது வேறு கணக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பல எர்ணாவூர் போன்ற இடங்களில் அடுக்குமாடிக்கு மாறின. கூரை கவலை போயிற்று. ஆனால் இரவு 2 மணிக்குக் கடலுக்குக் கிளம்புகிறவருக்கும், விடிகாலை ஏலத்துக்கு ஓடும் பெண்ணுக்கும் தூரம் செலவாக மாறியது. இன்ஜினையும் வலையையும் மூன்றாவது மாடிக்குத் தூக்க முடியாது. போர்டு வீடு கொடுத்தால், கரையில் வலைப் பின்னும் கூடமும் இன்ஜின் அறையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாமல் சாவி மட்டும் தந்தால், வாங்கிய வீடு வாடகைக்குப் போய் குடும்பம் மறுபடி கரையில்தான் நிற்கும்.

நிவாரணக் காசு கையில வந்துடுச்சு. இன்ஜினுக்குப் போடட்டுமா, கூரைக்குப் போடட்டுமா?

கூரைக்கு இப்போது தார்ப்பாய், இன்ஜினுக்குப் பணம். தார்ப்பாயின் கீழ் இரண்டு மாதம் ஓட்டலாம், தொழில் நின்றால் வட்டி நிற்காது. ஆனால் சுவரே ஆட்டம் கண்டிருந்தால் இந்த வரிசை மாறும், வீடுதான் முதலில். கூரையின் நிரந்தர வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் வையுங்கள்: மழை இருக்காது, சுவர் காய்ந்திருக்கும், கொத்தனார் கூலியும் இறங்கியிருக்கும். மே மாதத்துப் புயலுக்கு முன் முடித்துவிட வேண்டும். விசைப்படகு வைத்திருப்பவர்கள் உடம்பு வேலையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்துக்குத் தள்ளலாம், ஆனால் தண்ணீருக்குக் கீழே கசிவு இருந்தால் தள்ளாதீர்கள்.

அடுத்த புயல் சொன்னா ஃபைபர் போட்டை எப்படிக் கட்டணும்?

இன்ஜின், வலை, டேங்க் மூன்றையும் முதலில் கழற்றி ஊருக்குள் கொண்டுபோங்கள். படகை மேட்டுக்கு இழுத்து, வடக்கும் தெற்கும் இரண்டு பக்கமும் கயிறு போடுங்கள், காரணம் முதல் பதிலில் இருக்கிறது. அடிப்பிளக்கை மூடிவிட்டு உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் ஊற்றினால் காற்று உருட்டாது. அடியில் கட்டை கொடுத்துச் சமமாக நிறுத்தாமல் தண்ணீர் ஊற்றினால் உடம்பு விரியும், கவனம். காசிமேட்டுத் துறைமுகத்துக்குள் நிற்கும் லாஞ்சுகளுக்கு நடுவே டயர் தொங்கவிட்டு, கயிற்றில் தண்ணீர் ஏறும் அளவுக்குத் தளர்வு விடுங்கள். இறுக்கிக் கட்டிய லாஞ்ச் நீர்மட்டம் உயரும்போது கட்டுக்கல்லையே பிடுங்கிக்கொண்டு போகும்.